கொலஸ்ட்ராலைக் குறைக்க எதிலிருந்து தொடங்குவது? களி, கறி, கடலை சாப்பிடும் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டார வீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் கூடுதலாக வந்த அன்றே பெரும்பாலானவர்கள் இரண்டு காரியம் செய்கிறார்கள். முட்டையை நிறுத்துகிறார்கள், பூண்டுச் சாறோ ஏதாவது கேப்சூலோ வாங்கிவிடுகிறார்கள். பஸ் ஸ்டாண்டு பஜ்ஜியும் ரேஷன் பாமாயிலும் ஞாயிற்றுக்கிழமைக் கறியும் அப்படியே இருக்கும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எண்ணும் அப்படியே இருக்கும்.

செய்ததில் தப்பில்லை, வரிசைதான் தலைகீழ். ரிப்போர்ட்டைப் படிப்பது, கெடுப்பதை எடுப்பது, அந்த இடத்தில் நல்லதை வைப்பது, உடம்பை அசைப்பது, சப்ளிமென்ட், மறுபரிசோதனை. இந்த வரிசையில்தான் போக வேண்டும்.

1. உணவை மட்டும் நம்பக் கூடாதவர்கள்

மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைத் தொடங்கக் கூடாது. அவர்களுக்கு இது மாத்திரையோடு சேர்த்துச் செய்ய வேண்டியது. நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளும் டாக்டரைக் கேட்காமல் உணவு மட்டும் போதும் என்று இருக்கக் கூடாது.

எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 190 அல்லது அதற்கு மேல் இருந்தால் பரம்பரைக் காரணம் இருக்கலாம். அப்பா, சித்தப்பா, அண்ணன் யாருக்காவது 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 500ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. அது வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமில்லை.

கர்ப்ப காலத்தில் கொலஸ்ட்ரால் இயல்பாகவே ஏறும். அப்போது எடுத்த ரிப்போர்ட்டை வைத்து எதையும் தொடங்க வேண்டாம்.

2. ரிப்போர்ட்டைச் சரியாக எடுப்பது, சரியாகப் படிப்பது

தேவை 'லிப்பிட் புரொஃபைல்', அதாவது ஒவ்வொரு கொழுப்பையும் தனித்தனியாகக் காட்டும் ரத்தப் பரிசோதனை. மொத்தக் கொலஸ்ட்ரால் மட்டும் பார்த்தால் போதாது. நல்லதும் (எச்டிஎல்) கெட்டதும் கூட்டி வரும் எண் அது.

9 முதல் 12 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும். சாப்பிட்டுப் போனால் ட்ரைகிளிசரைடு ஏறிக் காட்டும். காலையில் ஒரு வாய் டீ குடித்துவிட்டு வெறும் வயிறு என்று சொல்பவர்கள் நிறைய. அந்த டீயில் பாலும் சர்க்கரையும் இருக்கிறது. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் மது கூடாது. காய்ச்சலோ ஆபரேஷனோ முடிந்த கையோடு எடுத்தால் கொலஸ்ட்ரால் குறைந்து காட்டும், அதனால் சில வாரம் தள்ளிப் போடுங்கள்.

பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து, அதையும் எச்டிஎல்லையும் மொத்தத்திலிருந்து கழிப்பதுதான் வழக்கமான கணக்கு. மொத்தம் 236, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 210 என்று வைத்துக்கொள்ளுங்கள். 210ஐ ஐந்தால் வகுத்தால் 42. 236இல் 38ம் 42ம் போக மீதி 156. அதுதான் எல்டிஎல். ட்ரைகிளிசரைடு 400க்கு மேல் போனால் இந்தக் கணக்கு உதவாது, எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்தும் ஓர் எண் எழுதி வையுங்கள். மேலே உள்ள ஆளுக்கு அது 198. ரத்தக் குழாயில் படியக்கூடிய எல்லாமே அதில் அடங்கிவிடும். ரிப்போர்ட்டில் பலர் கவனிக்காமல் விடும் எண்ணும் இதுதான்.

பொதுவான அளவு: எல்டிஎல் 100க்குள் நல்லது, 130 முதல் 159 வரை எல்லைக்கோடு, 160க்கு மேல் அதிகம். ட்ரைகிளிசரைடு 150க்குள் இருக்க வேண்டும். எச்டிஎல் ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் குறையக் கூடாது.

3. வேறு எதுவும் பின்னால் இருக்கிறதா

தைராய்டு குறைவாகச் சுரந்தால் எல்டிஎல் ஏறும். அந்த நிலையில் எத்தனை கிலோ ஓட்ஸ் தின்றாலும் சரியாகாது, தைராய்டு மாத்திரை எடுத்தால்தான் இறங்கும். அதனால் லிப்பிட்டோடு சேர்த்து டிஎஸ்எச் (தைராய்டுக்கான பரிசோதனை), சர்க்கரை, கல்லீரல், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கானது), சிறுநீரில் புரதம் ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்டீராய்டு போன்ற சில மாத்திரைகளும் கொழுப்பை ஏற்றும். தினமும் போடுகிற மாத்திரை அட்டைகளை டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.

4. உங்கள் எண் எது என்று முடிவு செய்யுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் சறுக்கும் முக்கியமான இடம் இது. 'கொழுப்பு' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் எல்டிஎல்லை ஏற்றுவது ஒன்று, ட்ரைகிளிசரைடை ஏற்றுவது வேறொன்று.

எல்டிஎல் அதிகம் என்றால் முதல் குற்றவாளி கெட்டிக் கொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்). பாமாயில், தேங்காய் எண்ணெய், நெய், வெண்ணெய், கறிக் கொழுப்பு, டால்டா எல்லாம் இதில் வரும். உங்களுக்கு 5, 6, 7ஆம் படிகள் முதலில்.

ட்ரைகிளிசரைடு அதிகம், எச்டிஎல் குறைவு என்றால் முதல் குற்றவாளி தட்டில் குவியும் வெள்ளைச் சோறு, சர்க்கரை, மது, தொப்பை. உங்களுக்கு 8, 9ஆம் படிகள் முதலில். நம் ஊரில் இந்த வகைதான் அடிக்கடி வருகிறது. எண்ணெயே சேர்க்காமல் மூன்று வேளையும் சோறும் ரசமுமாகச் சாப்பிட்டு, ஏன் இறங்கவில்லை என்று கேட்பவர்கள் இந்த ரகம்.

இரண்டும் அதிகம் என்றால் வரிசையாக எல்லாமே.

5. எண்ணெயை மாதக் கணக்கில் அளங்கள்

ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர். தாளிப்பு, தோசை, வடை எல்லாம் இதற்குள்தான். நாலைந்து லிட்டர் போகும் வீடுகள் இருக்கின்றன. கரண்டிக் கணக்கு வைத்தால் இரண்டாம் நாளே மறந்துவிடும். ஒன்றாம் தேதி இரண்டு லிட்டரைத் தனி கேனில் ஊற்றி வைத்து, அது தீர்ந்தால் அந்த மாதத்துக்கு அவ்வளவுதான் என்று இருந்தால் கணக்கு நிற்கும்.

எந்த எண்ணெய்? கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிக் கொழுப்பு கடலை எண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கும், நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கும் இருக்கும். பாமாயிலில் பாதிக்குச் சற்றுக் குறைவு. தேங்காய் எண்ணெயில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல். எல்டிஎல் அதிகம் உள்ளவர் ஒரு நாளைக்கு மொத்தமாகவே சுமார் 13 கிராம் கெட்டிக் கொழுப்போடு நிறுத்த வேண்டும். ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெயே 11, 12 கிராமைத் தின்றுவிடும்.

பாமாயிலைத் தூக்கிப் போட மனம் வராது, ரேஷனில் மலிவாக வருகிறது. விளக்குக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் எல்டிஎல் அதிகம் உள்ளவர் இருக்கும்வரை சமையலுக்கு வேண்டாம்.

மரச்செக்கு எண்ணெய் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம் என்றொரு நம்பிக்கை தருமபுரியிலிருந்து ஓசூர் வரை பரவியிருக்கிறது. செக்கில் ஆட்டினாலும் கொழுப்பின் வகையும் மாறாது, கலோரியும் குறையாது. வாசனைக்காக வாங்குங்கள், அளவு அதே அரை லிட்டர்தான்.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கினால் கெடுதலான பொருட்கள் அதில் சேரும். கடை எண்ணெய் எத்தனையாவது தடவை காய்கிறது என்று நமக்குத் தெரியாது. ஒகேனக்கல் போனால் மீனைக் குழம்பாக வைத்துத் தரச் சொல்லிச் சாப்பிடுங்கள்.

6. கறி, பால், தேங்காய், பேக்கரி

ஆட்டுக்கறியை அடியோடு விட வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு ஆளுக்கு 100 கிராம், கொழுப்பு நீக்கிய தொடைக்கறி. கடையில் வாங்கும்போதே "கொழுப்பு வேண்டாம்ண்ணா" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் எடைக்குச் சேர்ந்து வந்துவிடும். குடல், மூளை, ஈரல் வேண்டாம். எலும்புச் சாறு வைத்தால் ஆறியதும் பிரிட்ஜில் வைத்து, மேலே வெள்ளையாக உறையும் படலத்தை எடுத்துப் போட்டுவிட்டுச் சூடாக்குங்கள். அந்தப் படலம்தான் கெட்டிக் கொழுப்பு. கண்ணால் பார்த்தபின் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

கோழி என்றால் தோல் உரித்தது. முட்டை நாளைக்கு ஒன்று பெரும்பாலானவர்களுக்குப் பாதகமில்லை. ஒரு மஞ்சள் கருவில் சுமார் 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறதுதான், ஆனாலும் ரத்தத்தில் எல்டிஎல்லை அதைவிட அதிகமாக ஏற்றுவது கெட்டிக் கொழுப்பு. சர்க்கரை நோய் இருந்தால் வாரத்துக்கு மூன்று நாலோடு நிறுத்துங்கள். முட்டையை விட்டுவிட்டு வெண்ணெய் பிஸ்கட் தின்பது வீண் தியாகம்.

கிருஷ்ணகிரி அணையின் கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் கறிக்கு மாற்றாக நல்லதுதான். ஆனால் ஒமேகா-3 (மீனில் உள்ள நல்ல கொழுப்பு) வேண்டும் என்றால் ஐஸில் வரும் கடல் மத்திதான் சரி. வாரம் இருமுறை, குழம்பாக.

பாலில் கவனிக்க வேண்டியது பாக்கெட்டின் நிறம். ஆவின் ஆரஞ்சில் 6 சதம் கொழுப்பு, பச்சையில் 4.5, நீலத்தில் 3. நாளைக்கு அரை லிட்டர் வாங்குபவர் ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு மாறினாலே 15 கிராம் பால் கொழுப்பு குறையும். வீட்டு மாட்டுப் பால் என்றால் காய்ச்சி ஆறவைத்து ஏட்டை எடுத்துவிடுங்கள். அந்த ஏட்டை நெய்யாக்கி மறுபடி அதே ஆள் தட்டில் ஊற்றிவிடக் கூடாது.

தேங்காய்ச் சட்னிக்குப் பதில் கடலைச் சட்னி, தக்காளிச் சட்னி. பாலக்கோட்டுத் தக்காளிக்கு இங்கே பஞ்சமில்லை.

பேக்கரியில் பப்ஸ், தேங்காய் பன், கிரீம் கேக். உணவு எண்ணெய்களிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு (எண்ணெயை டால்டாபோல் கெட்டியாக்கும்போது உருவாகும் கெட்ட கொழுப்பு) 2 சதத்துக்கு மேல் கூடாது என்று 2022 முதல் விதி இருக்கிறது. அதனால் இவை நல்லதாகிவிடவில்லை. அடுக்கடுக்காகப் பிரிய வேண்டும் என்றால் பப்ஸ் மாவுக்குக் கெட்டிக் கொழுப்பு போட்டே ஆக வேண்டும். நிப்பட்டும் (தட்டை) முறுக்கும் இதே பட்டியலில்தான்.

7. களித் தட்டைச் சரிசெய்வது

கெடுப்பதை எடுத்த இடம் காலியாக இருந்தால் சோறு வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கே வைக்க வேண்டியது கரையும் நார்ச்சத்து. இது குடலில் பசை போலாகிப் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றுகிறது. புதிய பித்தம் செய்ய ஈரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. அப்படித்தான் எல்டிஎல் இறங்குகிறது.

களி சாப்பிடுகிறோமே, போதாதா? போதாது. 100 கிராம் கேழ்வரகில் நார் சுமார் 11 கிராம், வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. அந்த வகையில் களி எவ்வளவோ மேல். ஆனால் கேழ்வரகின் நாரில் பெரும்பங்கு கரையாத வகை, கரைவது இரண்டு கிராமுக்கும் குறைவு. மலச்சிக்கலுக்கு உதவும், சர்க்கரை ஏறுவதை மட்டுப்படுத்தும், எல்டிஎல்லைத் தனியாக இறக்காது. களிக்குத் துணையாக வரும் பயறுதான் அந்த வேலையைச் செய்யும்.

ஒரு ஆளுக்கு 80 கிராம் கேழ்வரகு மாவு, ஒரே உருண்டை. மாவைச் சலிக்காதீர்கள், தவிடோடுதான் நார் இருக்கிறது. மாவு ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு பங்கு, அதே டம்ளரில். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் மாவைக் குவியலாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் நடுவில் குழி போட்டு, மூடி, சிறு தீயில் ஆறேழு நிமிடம் விடுங்கள். பிறகு கட்டியில்லாமல் கிண்டுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. நொய் போட்டுக் கிண்டுவது வழக்கம்தான். நாலு பேருக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் போட்டால் அது அரிசிக் களியாகிவிடும்.

தொட்டுக்கொள்ள ஒரு ஆளுக்கு 50 கிராம் உலர்ந்த கொள்ளு, பச்சைப்பயறு, மொச்சை, தட்டைப்பயறு, துவரை எதுவானாலும் சரி. இரவே ஊறவைத்து வேகவிட்டால் 120, 130 கிராம் வரும். தினமும் இந்த அளவு பருப்பு வகை சேர்த்தால் எல்டிஎல் ஐந்து சதம் அளவுக்கு இறங்கும்.

'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று சொல்லிக் கொள்ளு ரசம் மட்டும் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். வேகவைத்த தண்ணீரை ரசமாக்கி, நார் உள்ள கொள்ளை மாட்டுக்கு வைக்கிறார்கள். பலன் மாட்டுக்கு. கொள்ளைக் கடைந்து சாப்பிடுங்கள்.

2023இல் தருமபுரி மாவட்டத்தில் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. உங்கள் கடையில் கேட்டுப் பாருங்கள். சாமை வாங்கினால் வெள்ளை வெளேரென்று பாலிஷ் போட்டதை விட்டுவிட்டு மங்கலாக இருப்பதை எடுங்கள்.

காலை உணவுக்கு ஓட்ஸ் என்றால் 40 கிராமில் கரையும் நார் சுமார் ஒன்றரை கிராம்தான் கிடைக்கும். ஆய்வுகளில் பலன் தெரிந்த 3 கிராமுக்கு 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். மசாலா பாக்கெட் ஓட்ஸ் வேண்டாம்.

மாலையில் நிப்பட்டுக்குப் பதில் 30 கிராம் வேர்க்கடலை, வேகவைத்தது அல்லது வறுத்தது. ஒரு சின்னக் கைப்பிடி. நிப்பட்டோடு சேர்த்துத் தின்றால் எடைதான் ஏறும்.

8. ட்ரைகிளிசரைடு அதிகம் உள்ளவர்களுக்கு

இங்கே எதிரி சோற்றின் அளவு. மதியம் ஒரு கப் சோறு, அதற்கு இரண்டு மடங்கு காய், ஒரு கப் பருப்பு. முதலில் காயும் பருப்பும் தட்டில் விழட்டும், கடைசியில் சோறு. வரிசையை மாற்றினாலே சோறு தானாகக் குறையும்.

டீயில் சர்க்கரை, வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாம் ஈரலுக்கு ஒன்றே. ஷிப்டு வேலைக்காரர் நாளைக்கு ஐந்து டீ குடித்தால், டீக்கு இரண்டு ஸ்பூன் வீதம் 40 கிராம் சர்க்கரைக்கு மேல் உள்ளே போகிறது.

மாம்பழம் விளையும் ஊரில் இதைச் சொல்வது கஷ்டம்தான். சீசனில் நாளைக்கு ஒரு சிறு செந்தூராவோ, மல்கோவாவில் இரண்டு துண்டோ, அதுவும் சோற்றுக்குப் பதிலாக. ஜூஸும் டப்பாவில் வரும் மாங்கூழும் வேண்டாம்.

மது ட்ரைகிளிசரைடை நேராக ஏற்றும். 'வாரத்துக்கு ஒருநாள்தான்' என்பவருக்கும் அந்த ஒருநாள் அளவும் கூடவே போகும் சில்லியும் சேர்ந்து எண்ணைக் கெடுத்துவிடும். ட்ரைகிளிசரைடு 200க்கு மேல் என்றால் முழுதாக நிறுத்துங்கள்.

9. நடை, எடை, பீடி

வாரம் 150 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். காட்டில் களை வெட்டுகிறேனே என்பவருக்கு அந்த நாட்கள் கணக்கில் சேரும். பைக்கில் போய் வேலையாட்களை மேற்பார்வை பார்த்தால் சேராது. வாரத்தில் இரண்டு நாள் தோப்புக்கரணம், சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற தசைப் பயிற்சியும் வேண்டும்.

நடையால் எல்டிஎல் அதிகம் இறங்காது. ட்ரைகிளிசரைடு இறங்கும், எச்டிஎல் கொஞ்சம் ஏறும். இது தெரியாமல் மூன்று மாதம் நடந்துவிட்டு எல்டிஎல்லைப் பார்த்து மனம் உடைபவர்கள் உண்டு.

இடுப்பை நூல் பிடித்து அளங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80க்குள் இருக்க வேண்டும். 80 கிலோ ஆள் நாலு முதல் எட்டுக் கிலோ குறைத்தால் ட்ரைகிளிசரைடில் நல்ல மாற்றம் தெரியும். பீடி, சிகரெட்டை விட்டால் எச்டிஎல் ஏறும். மாரடைப்பு ஆபத்து இறங்குவது அதைவிடப் பெரிய லாபம்.

10. சப்ளிமென்ட்: கடைசியில்தான்

மேலே உள்ளதை ஆறு வாரமாவது செய்தபின் வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இசப்கோல் உமிதான் பட்டியலில் நம்பகமானது. நாளைக்கு 10 கிராம் எடுத்தால் எல்டிஎல் ஐந்து முதல் பத்து சதம் இறங்கலாம். முதல் வாரம் 5 கிராம் போதும், இல்லாவிட்டால் வயிறு உப்பும். சாப்பாட்டுக்கு முன் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கெட்டியாகும் முன் குடித்துவிட்டு, மேலும் அரை டம்ளர் தண்ணீர் குடியுங்கள். உமியை வாயில் கொட்டித் தண்ணீர் குடித்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுபவர்களும் குடல் அடைப்பு வந்தவர்களும் தொடக் கூடாது. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம், தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

மீன் எண்ணெய் கேப்சூல் ட்ரைகிளிசரைடுக்கானது, எல்டிஎல்லைக் குறைக்காது. சிலருக்குச் சற்று ஏற்றியும்விடும். 1000 மில்லிகிராம் என்று எழுதிய சாதாரண கேப்சூலில் இபிஏ, டிஎச்ஏ என்ற ஒமேகா-3 வகைகள் இரண்டும் சேர்ந்து 300 மில்லிகிராம்தான் இருக்கும். பலன் தெரிய இரண்டு முதல் நாலு கிராம் வேண்டும். நாளைக்கு ஒன்று விழுங்குவது பர்ஸுக்குத்தான் பாரம். அதிக அளவு எடுப்பதென்றால் டாக்டர் சொல்லித்தான்.

பூண்டும் வெந்தயமும் சிறிய பலன் தரலாம், சமையலில் சேருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர்கள் பூண்டு கேப்சூல் எடுக்கக் கூடாது. புளித் தண்ணீர் கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. அரூரிலும் பென்னாகரத்திலும் புளிக்குக் குறைவில்லை என்பது வேறு விஷயம்.

சிவப்பு ஈஸ்ட் அரிசி இயற்கை என்று விற்கப்படுகிறது. அதில் உள்ள மொனாகோலின்-கே, லோவாஸ்டாட்டின் மாத்திரையின் அதே மூலக்கூறு. எவ்வளவு இருக்கிறது என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், சிறுநீரகத்துக்குக் கேடான சிட்ரினின் கலந்திருக்கவும் கூடும். ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்க டாக்டர் தரும் மாத்திரை) போடுபவர் இதையும் சேர்த்தால் இரட்டை அளவு. நியாசினை (பி3 வைட்டமின்) கொலஸ்ட்ராலுக்காகச் சொந்தமாக வாங்கிப் போடாதீர்கள், ஈரலைக் கெடுக்கும். பெயர் இல்லாத மூலிகைப் பொடிக்கும் அதே பதில்.

11. பன்னிரண்டாம் வாரம்

அதே லேப், அதே அளவு பட்டினி. லேப் மாறினால் எண் மாறும். எதையும் மாற்றாவிட்டாலும் எல்டிஎல் ஐந்து முதல் பத்து சதம் ஏறி இறங்கும். 156 என்பது 150 ஆனால் கொண்டாட வேண்டாம், 162 ஆனால் பயப்படவும் வேண்டாம். 135க்கு வந்தால் அது உண்மையான இறக்கம்.

எல்லாப் படியையும் ஒழுங்காகச் செய்தால் 10 முதல் 20 சதம் இறக்கம் எதிர்பார்க்கலாம், மிகக் கடுமையாகக் கடைப்பிடித்தால் இன்னும் கொஞ்சம். எல்டிஎல் 210இல் தொடங்கியவர் சாப்பாட்டால் மட்டும் 100ஐத் தொட முடியாது. அது அவர் தப்பு இல்லை, ஈரலின் போக்கு.

எண் இறங்கவே இல்லை என்றால் முதலில் எண்ணெய்க் கேனைப் பாருங்கள், பிறகு வெளியே தின்றதை ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் டாக்டரிடம் போக வேண்டிய நேரம். ஸ்டாட்டின் எழுதித் தந்தால் சாப்பாட்டு முறையை விடாமல் மாத்திரையைத் தொடங்கி, நாலு முதல் பன்னிரண்டு வாரத்தில் மறுபடி பரிசோதியுங்கள். எண் இறங்கியதும் மாத்திரையை நீங்களே நிறுத்தினால் சில வாரத்தில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். தசையில் காரணமில்லாத வலி வந்தாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.